நாலே முக்கால் மணி நேரம்

எங்கள் தெருவில் யாரையாவது பிடித்து, உங்கள் மகன் இருக்கும் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள். கிலோமீட்டர் சொல்ல மாட்டார்கள். மணிதான் சொல்வார்கள். துபாய் நாலு. தோஹா நாலரை. தம்மாம் நாலே முக்கால். ஜித்தா ஆறு. எல்லாம் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறியதில் இருந்து எண்ணுகிற கணக்கு. சங்கரன்கோவிலில் இருந்து காரில் திருவனந்தபுரம் போய்ச் சேருகிற நாலு மணி நேரத்தை யாரும் சேர்ப்பதில்லை. அங்கே போய்ப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வரிசையில் நிற்கிற மூன்று மணி நேரமும் கணக்கில் கிடையாது.

நானும் அப்படிப் பேசிப் பழகியவள்தான். என் பெயர் ரசீதா. வயது நாற்பத்தாறு. என் வீட்டுக்காரர் முகம்மது ஹுசைன் இருபத்தேழு வருஷமாகத் தம்மாமில் இருக்கிறார். ஒரு பெரிய ஓட்டலில் துணி வெளுக்கிற பிரிவுக்கு சூப்பர்வைசர். எங்களுக்கு ஒரே மகள், ஷிரின் பானு. இருபத்து நாலு வயது. பனவடலிசத்திரத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலையில் டவுன் பஸ் பிடித்துப் போனால் சாயங்காலம் விரலில் சாக்பீஸ் தூளோடு வந்து இறங்குவாள். அவள் வாசலில் செருப்பைக் கழற்றி எறிகிற சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு சீராக வரும். அதற்கு முன்னால் வரைக்கும் ஜன்னலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருப்பேன்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது நான் ஒரு சட்டம் போட்டேன். ஐந்து மணி நேரத்துக்கு மேல் கிடையாது. பெண் கேட்டு வருகிறவர்கள் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பையன் என்ன படித்திருக்கிறான் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் நான் கேட்டுவிடுவேன், “எத்தனை மணி நேரம்?” என்று. ஐந்துக்கு மேல் என்றால் டீயைக் கொடுத்து மரியாதையாக அனுப்பிவிடுவேன். லண்டன் ஒன்று வந்தது, பதினொரு மணி நேரம், டீ குடித்துவிட்டுப் போனது. ஜெர்மனி ஒன்று வந்தது, அதற்கு டீயோடு முறுக்கும் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அது என்ன ஐந்து என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டுக்காரர் இருக்கும் ஊர் நாலே முக்கால். வருகிற மருமகனுக்குக் கால் மணி நேரம் கூடுதலாகவே தாராளம் காட்டியிருந்தேன்.

இந்த வருஷம் மாசி மாதத்தில் ஒரே வாரத்தில் இரண்டு சம்பந்தம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தது ஆபிதா பானு. ஷிரினோடு அதே பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருக்கிற பெண். சொந்த ஊர் கடையநல்லூர். தன் தம்பி முகம்மது ஆரிபுக்காக வந்திருந்தாள். பையன் லிப்ட் ரிப்பேர் பார்க்கிற வேலையில் இருக்கிறானாம்.

“எந்த ஊருல?” என்று கேட்டேன்.

“ஆக்லாந்து மாமி. நியூசிலாந்துல.”

“எத்தனை மணி நேரம்?”

அவள் சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள் போல. என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, “சிங்கப்பூர்ல எறங்கி வேற ஏரோப்ளேன் மாறணும் மாமி. வீட்டுல இருந்து பொறப்பட்டா ஒரு நாளு முழுசா ஆயிரும்,” என்றாள். பொய் சொல்லத் தெரியாத பெண். நான் டீ போட எழுந்தேன்.

அப்போது அடுப்படிக் கதவுக்குப் பின்னால் இருந்து ஷிரினின் குரல் வந்தது. “அவங்க கூட்டிட்டுப் போவாங்களா டீச்சர்?”

பெண் கேட்டு வந்திருக்கிற இடத்தில் பெண்ணே வாயைத் திறந்து இப்படிக் கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்? தலையைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆபிதா பானு மட்டும் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. “விசா வந்ததும் கூட்டிட்டுத்தான் போவான். பொண்டாட்டிய இங்கன விட்டுட்டு அங்கன போய் இருக்கறதுக்கு எதுக்குக் கல்யாணம்?” என்றாள். சொல்லிவிட்டுத்தான் எங்கள் வீட்டில் உட்கார்ந்து அதைச் சொல்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் டீயில் சீனி போட மறந்துவிட்டேன். அவள் அப்படியே குடித்துவிட்டுப் போனாள்.

அவள் தெரு முனை திரும்பும் முன்பே நான் ஃபோனை எடுத்துச் சங்கரன்கோவில், ஆக்லாந்து என்று சொல்லித் தேடினேன். ஒரு பக்கம் வந்தது. பூமிப் படத்தில் ஒரு கோடு. இந்தப் பக்கம் எங்கள் ஊர், அந்தப் பக்கம் கடலுக்குள் கொட்டிக் கிடக்கிற இரண்டு துண்டு நிலம். பதினோராயிரத்து இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். விமானத்தில் பதினாலு மணி நேரம். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் இருந்து ஒரு விமானம் கிளம்பி நேராக அங்கே போய் இறங்குகிற மாதிரி அந்தப் பக்கத்துக்காரன் கோடு போட்டிருந்தான். ராஜபாளையம் பஸ் வந்து திரும்பவே அங்கே இடம் பற்றாது. எவனோ ஒருவன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஸ்கேல் வைத்து இழுத்த கணக்கு அது. அதுவே பதினாலு என்றால் உண்மையில் எவ்வளவு இருக்கும் என்று ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

அன்று ராத்திரி வரைக்கும் நான் உட்காரவில்லை. கழுவிய பாத்திரத்தைத் திரும்பக் கழுவினேன். மொச்சை வாங்கக் கடைக்குப் போய் விளக்குமாறு வாங்கிக்கொண்டு வந்தேன். ஷிரின் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கடந்து போகும்போதெல்லாம் பேனாவை நிறுத்தினாள்; கடந்து போனதும் திருத்தினாள்.

செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரரின் அக்கா மிஸ்ரியா மைனி வந்தாள். அவள் கொண்டு வந்தது வாசிம். அவளுடைய கொழுந்தன் மகன். தம்மாமில் ஒரு சிமெண்ட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பையன் பார்க்க லட்சணமாக இருப்பான், சின்ன வயதில் இருந்தே எனக்குத் தெரியும். லீவில் வந்திருந்தான்.

“நாப்பத்தஞ்சு நாளு லீவு. அதுல பதினோரு நாளு போயிட்டு,” என்றாள் மைனி. “வெள்ளிக்கெழம ஜும்ஆ தொழுக முடிஞ்சு வாரேன். சரின்னு ஒரு சொல்லு சொல்லு. அடுத்த வாரம் நிக்காஹ் வச்சிரலாம். அவன் போறதுக்குள்ள ஒரு இருவது நாளாவது சேந்து இருக்கட்டும்.”

எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் முதலில் பார்ப்பது லீவைத்தான். மண்டபம் அதற்கப்புறம். லீவு ஆரம்பித்த முதல் வாரம் பெண் பார்க்கிறது, மூன்றாம் வாரம் நிக்காஹ், கடைசி வாரம் பெட்டி கட்டுகிறது. எனக்கும் அப்படித்தான் நடந்தது. என் வீட்டுக்காரருக்கு அறுபது நாள் லீவு. பத்தொன்பதாவது நாள் நிக்காஹ். நாற்பத்தோரு நாள் என்னோடு இருந்தார்.

“கூட்டிட்டுப் போவானா மைனி?” என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

“அந்த வேலைக்குப் பொண்டாட்டிய கூட்டிட்டுப் போக விசா கெடையாதுல்லா. ஒனக்குத் தெரியாததா?” என்று சொல்லிவிட்டு மைனி என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். “ஏட்டி ரசீதா, நல்லா யோசிச்சுப் பாரு. ஷிரின் ஒங்கூடத்தான இருப்பா? ஒத்தப் பிள்ளை. ஒம் மவ இந்த வீட்ட விட்டு எங்கயும் போகமாட்டா. இதுக்கு மேல ஒனக்கு என்னட்டி வேணும்?”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கி ஓடிவிட்டது. செருப்பைக் கழற்றி எறிகிற சத்தம் தினமும் கேட்கும். பிள்ளை பிறந்தால் இந்த வீட்டில்தான் தொட்டில் ஆடும். மருமகன் வருஷத்துக்கோ இரண்டு வருஷத்துக்கோ ஒருமுறை வந்து போவான், வரும்போது கோழி அடித்துப் போடலாம். மைனிக்கு இரண்டாவது தடவையும் டீ கொடுத்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் ஷிரினிடம் சொன்னேன். ஐந்து மணி நேரத்துக்குள் நல்ல பையன் வந்திருக்கிறான், வெள்ளிக்கிழமை சரி என்று சொல்லப்போகிறேன் என்றேன். அவள் முகம் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள். துண்டை எடுக்காமலே கேட்டாள்.

“உம்மா, வாப்பா இருக்கற ஊரு எத்தனை மணி நேரம்?”

“நாலே முக்கால். தெரியாத மாதிரி கேக்க?”

“நான் பொறந்தப்ப எத்தனை மணி நேரத்துல வந்தாங்க?”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. கையில் இருந்த கரண்டியைத் தொட்டிக்குள் வீசினேன். “அந்த மனுசன் அங்கன கெடந்து வெந்ததுனாலதான் நீ இங்கன டிகிரி வாங்கிட்டு நின்னு கேள்வி கேக்க,” என்று கத்தினேன். இன்னும் வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள், நான் பேசுவது நன்றாகக் கேட்கட்டும் என்று.

ஷிரின் துண்டைக் கொடியில் போட்டாள். “நான் வாப்பாவக் குத்தம் சொல்லல. அவங்க வேற என்ன செய்வாங்க? ஒன்னியத்தான் கேக்கேன். நீ இருந்த மாதிரியே என்னையும் இருக்கச் சொல்லுதியா?”

“நான் எப்படி இருந்தேனாம்? எனக்கென்ன கொறை?”

“சாயங்காலமானா ஜன்னல்கிட்டப் போய் நிக்க. அடுப்படிக்குப் போற. திரும்ப ஜன்னல். எனக்கு வெவரம் தெரிஞ்ச நாளுல இருந்து நடந்துகிட்டேதான் இருக்க உம்மா. என்னைக்காவது ஒரு எடத்துல உக்காந்துருக்கியா?”

“நீ அந்த ஆரிபுகிட்டப் பேசிட்டியா?”

“ஆபிதா டீச்சர் ஃபோன்ல பத்து நிமிசம் பேசுனேன். ஸ்டாப் ரூம்ல வச்சு. சைக்கிள் ஓட்டத் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியும்னேன். அங்கன மழ ஜாஸ்தி, பரவாயில்லையான்னாங்க. எங்க ஊருல மழையே கெடையாது, பரவாயில்லன்னேன்.” சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் போய்விட்டது. அன்றைக்கு இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

வியாழக்கிழமை அவள் பள்ளிக்கூடம் போனதும் நான் பீரோவைத் திறந்தேன். அவள் சொன்னது தப்பு என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. என் வீட்டுக்காரரின் பழைய பாஸ்போர்ட் இரண்டு என் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது. நடப்பு பாஸ்போர்ட் அவரிடம் இருக்கிறது, ஆனால் அதில் இருக்கிற வரவெல்லாம் எனக்கு மனப்பாடம். டெய்லி காலண்டரில் கிழித்த தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, ஷிரினின் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். வந்த முத்திரை ஒரு தேதி, போன முத்திரை ஒரு தேதி. நடுவில் எத்தனை நாள் என்று எழுதிக்கொண்டே வந்தேன்.

குறைந்தது நாலு வருஷமாவது தேறும் என்று நினைத்திருந்தேன். மனதுக்குள் அவரோடு இருந்த காலம் அவ்வளவு பெரிதாக இருந்தது. நாற்பத்தோரு நாள். அப்புறம் இரண்டு வருஷம் கழித்து வந்தார், ஷிரினுக்கு அப்போது பதினைந்து மாதம், அவரைப் பார்த்து வீறிட்டு அழுதாள், அது ஐம்பத்தெட்டு நாள். அவருடைய உம்மா மௌத்தாகி அடக்கம் செய்தபோது அவசரமாக வந்தது பத்தொன்பது நாள். ஷிரினுக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்த வருஷத்தைத் தேடினேன். அந்த வருஷத்துக்கு முத்திரையே இல்லை. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் நானும் என் தம்பியும்தான் இருந்தோம் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. கொரோனாவில் மூன்று வருஷம் ஒன்றுமே கிடையாது.

எல்லாவற்றையும் கூட்டினேன். ஐந்நூற்று எழுபத்து மூன்று.

தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று திரும்பக் கூட்டினேன். கீழே இருந்து மேலே கூட்டினேன். அதே எண்தான் வந்தது. இருபத்தைந்து வருஷக் கல்யாணத்தில் ஒன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் கூட. அதிலும் வந்த முதல் பத்து நாள் அவர் விருந்தாளி. என்ன பிடிக்கும், எவ்வளவு உப்பு என்று நான் பயந்து பயந்து சமைப்பேன். கடைசிப் பத்து நாள் பெட்டி, எடை, மிளகாய்ப்பொடி என்று ஓடிவிடும். அதைக் கழித்தால் என்ன மிஞ்சும் என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. தாளைச் சுருட்டி எறியப் போனேன், எறிய முடியவில்லை. பாஸ்போர்ட்டோடு சேர்த்து மடித்துப் புடவைக்கு அடியில் வைத்தேன். எழுந்து ஜன்னலுக்குப் போனேன். அங்கே போய் நின்ற பிறகுதான் ஷிரின் சொன்னது உறைத்தது, சட்டென்று திரும்பி வந்துவிட்டேன். எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நடு வீட்டில் நின்றேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் கூப்பிட்டார். அங்கே ஆறரை. வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு.

“என்ன ரசீதா, மிஸ்ரியா அக்கா பேசுனா. வாசிமுக்குச் சரின்னு சொல்லிருவோமா?” என்றார். “தங்கமான பையன். என் ரூமுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கான். பள்ளிவாசல்ல அடிக்கடி பாப்பேன். நாளைப்பின்ன நம்ம பிள்ளைக்கு ஒண்ணுன்னா வந்து நிக்கலாம். நாலே முக்கால் மணி நேரம்தான?”

“ஏங்க, ஷிரின் பொறந்தது ஒங்களுக்கு எப்ப தெரியும்?”

“அன்னைக்கே தெரியும். ஓட்டலுக்குப் போன் போட்டுச் சொன்னாங்களே.”

“அன்னைக்கே பொறப்பட்டிருந்தா எப்ப வந்திருப்பிய?”

அவர் சிரிக்கப் பார்த்தார். “ஏரோப்ளேன்ல ஏறிட்டா நாலே முக்கால்தான் ரசீதா. ஏறுததுக்குத்தான் ரெண்டு வருசம் ஆவுது.” அவர் அறையில் யாரோ தண்ணீர் திறந்துவிட்ட சத்தம் கேட்டது.

நான் ஆக்லாந்தைப் பற்றிச் சொன்னேன். பையனுடைய வேலை, விசா, கூட்டிப் போகிறது எல்லாம் சொன்னேன். தூரத்தையும் மறைக்கவில்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “நீ தனியா இருந்துருவியா?”

இருபத்தைந்து வருஷத்தில் அந்த மனிதர் என்னிடம் இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் ஒருநாளும் சொன்னதில்லை. “அப்புறமா பேசுதேன்,” என்று வைத்துவிட்டேன்.

ஜும்ஆ முடிந்து ஒரு மணி நேரத்துக்கெல்லாம் மைனி வந்துவிட்டாள். கையில் இனிப்புப் பெட்டி இருந்தது. நான் சரி என்றுதான் சொல்வேன் என்று அவ்வளவு நம்பிக்கை. அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். “மன்னிச்சிருங்க மைனி. ஷிரினை ஆக்லாந்துக்குக் கொடுக்கலாம்னு இருக்கேன்.”

“எங்க?”

“நியூசிலாந்து.”

“அது எத்தனை மணி நேரம்?”

“பதினாலுன்னு போட்டுருக்கு. நெசத்துல ஒரு நாளு ஆயிரும்.”

மைனி இனிப்புப் பெட்டியை மடியில் இருந்து எடுத்துப் பைக்குள் வைத்தாள். “அஞ்சு மணி நேரத்துக்கு மேல கொடுக்க மாட்டேன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சியே, இப்ப என்ன ஆச்சு? ஏட்டி, நாளைக்கு நீ மௌத்தானா ஒம் மவ மய்யித்து மொகத்தப் பாக்கக்கூட வர முடியாது. தெரியுமா?”

அது என் நெஞ்சில் குத்தத்தான் செய்தது. நான் அதை நினைக்காமல் இல்லை. வியாழக்கிழமை முழுக்க அதைத்தான் நினைத்தேன். “மய்யித்துக்கு வர வேண்டாம் மைனி,” என்றேன். “நான் போன பொறவு யாரு வந்தா எனக்கென்ன? உசுரோட இருக்கற காலம் அவ புருசன் பக்கத்துல இருக்கட்டும்.”

மைனியின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவள் புருஷனும் முப்பது வருஷம் ரியாத்தில் இருந்துவிட்டு வந்தவர்தான். டீயைத் தொடாமல் எழுந்து போனாள். இனிமேல் என்னோடு எத்தனை மாதம் பேச மாட்டாளோ தெரியவில்லை.

ஐந்து மணிக்கு ஷிரின் வந்தாள். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலிலேயே வைத்துச் சொன்னேன். “மிஸ்ரியா மாமிகிட்ட முடியாதுன்னுட்டேன். ஆபிதாவ நாளைக்கு வரச் சொல்லு.”

துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் பையைத் தோளில் இருந்து இறக்காமல் அப்படியே நின்றாள். “அப்ப நீ?” என்றாள்.

“எனக்கென்ன?”

“நீ இங்கன ஒத்தையில என்ன செய்வ?” அவள் குரல் உடைந்துவிட்டது. “வேண்டாம் உம்மா. நான் கோவத்துல பேசிட்டேன். வாசிமே இருக்கட்டும். மாமிக்கு ஃபோனப் போட்டுச் சொல்லு. நான் ஒங்கூடயே இருந்துருதேன்.”

உண்மையைச் சொன்னால், ஒரு நிமிஷம் எனக்கு ஆசை வந்துவிட்டது. ஃபோன் கையில்தான் இருந்தது. மைனி இன்னும் வாசிம் வீட்டில் சொல்லியிருக்க மாட்டாள். ஒரு வார்த்தை சொன்னால் திரும்பி வந்துவிடுவாள். ஷிரின் அழுதுகொண்டே என் முகத்தைப் பார்த்தாள். இவள் எனக்காக இருப்பாள், நாளைக்கு இவளுக்கு ஒரு பெண் பிறந்து அது இவளுக்காக இருக்கும். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. “வாயை மூடிட்டு உள்ள வாட்டி,” என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு ஃபோன் போட்டேன். ஷிரினும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

“சொல்லு ரசீதா,” என்றார்.

“ஷிரினை ஆக்லாந்துக்கே கொடுக்கறதா முடிவு பண்ணிட்டேன். ஒங்களுக்குச் சம்மதம்தான?”

“நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணா சரிதான்.”

“அப்ப நீங்க வந்துருங்க.”

“நிக்காஹ்வுக்கு வராம இருப்பேனா? தேதியச் சொல்லு, லீவு எழுதிக் கொடுத்துருதேன்.”

“நிக்காஹ்வுக்கும் வாங்க. நான் சொல்லுதது அதில்ல. அவ போயிருவா. நீங்க வந்துருங்க.”

இதைச் சொல்லும்போது எனக்கு மகள் பக்கத்தில் இருக்கிறாள் என்கிற கூச்சம்கூட இல்லை. அவர், “வாரேன் ரசீதா,” என்றார். “எத்தனை நாளைக்கு?”

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். வருவது என்றால் அதற்கு ஒரு எண் உண்டு என்றே இத்தனை வருஷம் பழகிவிட்டார். ஷிரின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“நாள் கணக்கெல்லாம் இல்லங்க,” என்றேன். “திரும்பிப் போறதுக்கு டிக்கெட் போடாம வாங்க.”

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் ஃபோனில் கேட்டது. நான் காத்திருந்தேன்.

“எனக்கு அங்கன யாரத் தெரியும் ரசீதா?” என்றார். குரல் மிகவும் சின்னதாக வந்தது. “கூடப் படிச்சவன், கூட வெளையாடுனவன் எல்லாம் ஆளுக்கொரு ஊருல இருக்கான். இங்கன ரூம்ல இருக்கற நாலு பேர விட்டா எனக்கு யாரயும் தெரியாது.”

என்னைத் தெரியுமே என்று சொல்ல வாயெடுத்தேன். ஐந்நூற்று எழுபத்து மூன்று நாள். அந்த வார்த்தை வரவில்லை.

“வாங்க,” என்றேன். “பழகிக்கிடுவோம்.”